முதுகுக்குப் பின்னால் மேகம்

பூமியின் தென்பாதியில், சாந்தா ஃபே சமவெளியில், டிசம்பர் மாதக் கோடை வெயில் சாய்கிறது. எங்கள் யூதர் காலனியின் ஜெபக்கூடத்துத் தகரக் கூரை இன்னும் கொதிக்கிறது. தெற்கே கருமேகம் திரண்டு நிற்கிறது. வாசலில் செலிக்கின் வண்டி, அறுத்த கோதுமையோடு. பத்து ஆண்கள் சேராமல் எங்களுக்கு ஜெபம் கிடையாது என்பதால், வண்டியோடு வழியில் போன செலிக்கைப் பத்தாவது ஆளாகப் பிடித்து வந்திருக்கிறோம். டிசம்பர் பிறந்தால் மழை கேட்க வேண்டும் என்பது விதி.

"அறுப்பு நேரத்துல மழை கேக்கணுமா? புத்தி இருக்காய்யா உங்களுக்கு?" என்கிறான் செலிக்.

ஜெபம் நடத்தும் பினியே கண்ணாடியைத் துடைக்கிறார். "உனக்கு யாருடா கேட்டா? எருசலேமுக்குக் கேக்குறோம். அங்க இப்ப மழைக்காலம்."

"அப்ப மேகம் ஏன் என் வண்டி மேல நிக்குது? நாம ருஷ்யாவுலேருந்து கப்பலேறி வந்தது இங்கதானே?"

"ரொம்பப் பேசாத. காலைச் சேர்த்து நில்லு."

எல்லோரும் எருசலேம் இருக்கும் வடகிழக்கைப் பார்த்து நிற்கிறோம். ஜெபம் முடியும்வரை நகரக்கூடாது, வேறு பேச்சுப் பேசக்கூடாது. மேகம் முதுகுக்குப் பின்னால். வெளியே செலிக்கின் மனைவி ரெய்சல் ஒற்றை ஆளாய் வண்டிமேல் தார்ப்பாயை இழுக்கும் சரசரப்பு கேட்கிறது. "ஏங்க, ஒரு கை பிடிங்களேன்," என்கிறாள். செலிக்கின் கழுத்து நரம்பு புடைக்கிறது, கால் அசையவில்லை. ஜன்னல் வழியே மண்வாசனை ஏறுகிறது. கூரையில் முதல் சொட்டு விழுகிறது. என் பக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட விடாமல் செலிக் மழை கேட்டுக்கொண்டிருக்கிறான்.