தீவு ரேடியோவின் குரல்

"நம்ம குரல் யாருக்குமே எட்டலை" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டது ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேச மேசைமேல் வைத்திருந்த ஹாம் ரேடியோவின் காதில் விழுந்தது. மறுவாரமே பக்கத்தில் குரலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மின்விசிறி இரைய, வந்து உட்கார்ந்தது.

"அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபயர் கிழங்களைப்போல நான் சூடேறும்வரை காத்திருக்க வேண்டாம், தம்பி. நீ முணுமுணுத்தாலே போதும், முழக்கிவிடுவேன்" என்றது அது.

சொன்னபடியே முழக்கியது. எங்கெங்கிருந்தோ பதில்கள் வந்து குவிந்தன. ரேடியோ தேடியதோ தன் சிநேகிதனான தீவு ரேடியோவை. விடாத மழையில் சோலார் பேட்டரி இறங்குகிறது, நாளையோடு அடங்கிவிடுவேன் என்று நேற்றுத்தான் அது சொல்லியிருந்தது.

"அவன் பேச்சே வரலையே, அண்ணே."

"இன்னும் பலமாகக் கூப்பிடுவோம்!"

"நம் குரல் அவனுக்குக் கேட்கும். அவன் குரல்தான் நமக்குக் கேட்கவில்லை."

"அதனால்தான் சொல்கிறேன், இன்னும் பலமாக!"

ரேடியோ வாயை மூடிக்கொண்டது. முழக்குவதற்கு ஆம்ப்ளிஃபயரிடம் சொந்தமாக ஒரு வார்த்தையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பதில் சொன்னவர்கள் சலித்துப்போய் விலகினார்கள். அவர்கள் ஓய்ந்ததும் அடியில் நூல்போல ஒரு குரல் இழைந்தது: "இருக்கியாடா?"

"யாரது?" என்றது ஆம்ப்ளிஃபயர்.

"அவன்தான், அண்ணே. உங்கள் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை."

ஆம்ப்ளிஃபயர் தன் மின்விசிறியை நிறுத்தியது.