நின்றே பார்க்கும் வேலை

"காலைத் தலையணை மேல தூக்கி வை," என்று மாத்திரையை நீட்டினான் கணவன். "செடியில இருந்து எடுத்த ஃபிளேவனாய்டாம். வெரிகோஸ் வெயின்ல வர்ற அழற்சியை அடக்குமாம்."

"நாள் முழுக்க நிக்கக் கூடாதுன்னும் டாக்டர் சொன்னாரே! எங்க ஜவுளிக்கடை மேனேஜர் உட்கார விட்டாத்தானே? கல்நெஞ்சக்காரர்!"

"அவரும் பாவம்தான். முதலாளி திட்டுவார்ல?"

"இருக்கட்டும். நாளைக்குக் கேட்டே தீருவேன்."

மறுநாள் மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள். "சார், கவுன்ட்டர்ல உட்கார ஒரு ஸ்டூல் வேணும்."

சுழல் நாற்காலியில் நெளிந்தார் மேனேஜர். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேட்பாங்கம்மா."

அவள் நகரவில்லை. கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதுவா இருந்தாலும் நம்ம வீட்டுல பேசிக்கலாம், கண்ணு."

"வீட்டுலதான் உட்கார இடம் இருக்கே, சார்!"