பெயர் எழுதாத சீட்டு

நூலக வகுப்பில், மற்ற பிள்ளைகள் படிக்க ஆளுக்கொரு நல்ல புத்தகத்தைச் சிபாரிசு செய்து சீட்டு எழுதச் சொல்லியிருந்தார் ஹாஃபிஸா டீச்சர். பானுப்பிரியாவின் சீட்டைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது.

'காட்டில் வழி தவறிய பெண்ணின் கதை. கெட்ட வார்த்தை கிடையாது. படித்தால் தைரியம் வரும். முடிவு தெரியாது.'

"புத்தகத்துப் பேரையே காணோம். முடிவும் தெரியாதுங்கிற. வாசிக்காமலே எழுதுனியா?"

"வாசிச்சேன் டீச்சர். அட்டை முதல்லயே போயிருச்சு."

"கடைசிப் பக்கம்?"

"அதுவும் போயிருச்சு."

"புத்தகத்தை இந்த லட்சணத்துலயா வச்சுக்கிறது?"

"எங்க புத்தகம் இல்ல டீச்சர். வெடிக்குழாய் உருட்ட பட்டாசுக் கம்பெனியில எடைக்கு வாங்கிக் குடுத்த பழைய புத்தகம். நான் சத்தமா வாசிச்சு முடிச்ச தாளை அம்மா ஒண்ணொண்ணா கிழிச்சு உருட்டுவாக. நேத்து லோடு எடுக்க வேன் சீக்கிரமே வந்துருச்சு. மிச்சத்தை வாசிக்காமலே உருட்டிட்டாக."

ஹாஃபிஸா சீட்டை மறுபடி பார்த்தார். குரல் தணிந்திருந்தது.

"பெறகு இதை எதுக்கும்மா எழுதுன?"

"யாராச்சும் வாசிச்சிருந்தா சொல்லுவாகள்ல, டீச்சர்? அந்தப் புள்ள பத்திரமா வீடு வந்து சேந்துச்சான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாக எங்கம்மா."