கிளமானின் பாதங்கள்

ஆய்வு முடிவு இருந்த உறையை நிர்மலாதேவி கிழித்தபோது, ஜிசேல் தன் மகள் ஏலோதியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பதின்மூன்று வயது ஏலோதிக்கு, போன மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு இடது காது சரியாகக் கேட்கவில்லை.

காய்ச்சலால் என்றால் பரவாயில்லை. குடும்பத்தில் ஓடுவது என்றால், அடுத்தது கண்.

அந்த வீட்டில் அப்படித்தான். முதலில் காது, பிறகு கண். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். ஜிசேலின் அக்கா ஈனெசுக்குப் போனது. தம்பி அலெக்சிக்குப் போனது. அவர்களுக்கெல்லாம் முன்னால் சித்தப்பா கிளமானுக்குப் போனது.

நிர்மலாதேவி மரபணு ஆராய்ச்சியாளர். முப்பது வருஷமாக இந்த மாடிக்கு வந்து இரத்தம் எடுத்துப் போகிறவள். கோளாறு எந்த மரபணுவில் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். இந்த மாதத்தோடு ஓய்வு.

வெளிச்சம் போதவில்லை என்று நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“மூணு மணி வெயிலு பத்தலையா மதாம்? பெரிய மார்க்கெட்டுல கூறு கட்டி விக்கிறாங்க, ரெண்டு கூறு வாங்கியாரட்டுமா?”

பயம் வந்தால் ஜிசேல் இப்படித்தான் வாயாடுவாள், பாவம்.

சுவரோரம் கிளமான் மரப்பலகைத் தளத்தில் வெறும் பாதங்களைப் பதித்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் விரலால் எழுதினால் புரிந்துகொள்வார். வருகிறவர் யார் என்பதைப் பலகையின் அதிர்வில் அவர் பாதம் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடும். கேளுங்கள், அதைத்தான் நிர்மலாதேவி எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

ஈனெசின் கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன அதே மாதம், கிளமான் சொன்னார், இவளுக்கு நம்ம நடை வந்துடுச்சி என்று.

கால் முதலில் தரையைத் தேடும். பிறகுதான் உடம்பு அதன்மேல் இறங்கும். பார்வை ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கியவர்களின் நடை அது. நடக்கிறவர்களுக்கே தெரியாது.

எட்டு மாதம் கழித்துக் கண்ணைச் சோதிக்கும் கருவியும் அதையே சொன்னது. அலெக்சிக்கும் அப்படியே நடந்தது.

நிர்மலாதேவி காகிதத்தை இரண்டு முறை படித்தாள்.

“ஏலோதிக்கு அது இல்ல ஜிசேல். ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தாத்தான் நோவு. இவளுக்கு ஒரு பக்கந்தான் வந்திருக்கு. காது காய்ச்சலால போனது. கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது.”

ஜிசேல் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு சித்தப்பாவின் உள்ளங்கையை விரித்து எழுதினாள்: இல்லை.

கிளமான் சிரிக்கவில்லை.

“பொய்யி,” என்றார். தன் குரல் தனக்கே கேட்காதவரின் குரல். அந்த அறைக்கு அது பெரிதாக இருந்தது. “இப்பதான் நம்ம நடை உள்ள வந்துச்சு.”

இரண்டு பெண்களும் ஏலோதியைப் பார்த்தார்கள்.

ஆய்வுக்கூடம் தவறலாம். இரத்தம் பிடித்த குழாய் மாறியிருக்கலாம். கிளமான் இதுவரை தவறியதில்லை.

ஜிசேல் மகளை எழுப்பி நடக்கவிட்டாள். கதவு வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும்.

கிளமான் பாதங்களை இன்னும் அகலமாகப் பதித்துக்கொண்டார். நெடுநேரம் கழித்துத் தலையை ஆட்டினார்.

“இவ இல்ல. இவ ஆட்டுக்குட்டியாட்டம் குதிச்சிகினு போறா.”

ஜிசேலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதற வைத்ததற்காக அந்தக் கையில் செல்லமாக ஓர் அடி வைத்தாள். பிறகு எழுதினாள்: பின்னே யார்? எப்போது?

“கொஞ்சம் முன்ன. படியேறி வந்து, வாசல்ல நின்னு, கால விட்டுத் தேடிப் பாத்துட்டு அப்பறமா உள்ள வந்தாங்களே, அவங்க.”

ஏலோதி காலையிலிருந்து வீட்டைவிட்டு இறங்கவில்லை. ஜிசேலும் இறங்கவில்லை.

ஜிசேலின் விரல் அந்த உள்ளங்கையிலேயே நின்றுவிட்டது. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

நிர்மலாதேவி காகிதத்தை மடித்து ஏலோதியிடம் கொடுத்தாள். எழுந்தாள். ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்து எடுத்து வைத்தாள்.

கிளமானின் பாதங்கள் பலகையிலேயே இருந்தன.

படி தொடங்கும் இடத்தில் ஜிசேல் பின்னால் வந்து, ஈனெசைப் பிடிப்பதுபோலவே, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிர்மலாதேவி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.