கறுப்புச் சீட்டு

“கண்ணை மூடு தம்பி. செத்தவன் சிமிட்டக் கூடாது.”

பக்கத்தில் வந்து விழுந்த பெரியவர் உதட்டை அசைக்காமல் சொன்னார். கோல்பி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான்.

நூற்றறுபது வருடங்களுக்கு முன் அந்தப் புல்வெளியில் நடந்த அமெரிக்க உள்நாட்டுச் சண்டையை ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் நடித்துக் காட்டுவார்கள். காலையில் ஒரு தொப்பி சுற்றி வரும். அதில் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கடைசிவரை சண்டை. கறுப்பு வந்தால் முதல் வேட்டிலேயே விழுந்து, எக்காளம் ஊதும்வரை பிணமாகக் கிடக்க வேண்டும். முந்நூறு நானூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கு வந்ததும் வராததுமாகச் சாகப் பிடிக்குமா? ஆனால் கோல்பிக்கு வந்தது கறுப்பு. தொலைகிறது என்று ஒரு வால்நட் மர நிழலாகப் பார்த்து விழுந்துவிட்டான்.

அவனோடு நின்ற சாம்பல் கோட்டுக்காரர்கள் கற்சுவருக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். எதிர்ப்படையின் நீலக் கோட்டு வரிசை அந்தச் சுவரைப் பிடிக்கப் புகைக்குள்ளிருந்து வந்தது. அதிலிருந்துதான் இந்தப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்து, சரியாக அவன் பக்கத்தில் சாய்ந்தார்.

கோல்பி அரைக்கண் திறந்து பார்த்தான். வெள்ளைத் தாடி, இடது புருவத்தில் தழும்பு. அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் டெசாவின் கைப்பேசியில் நூறு தடவை பார்த்த முகம். அவளுடைய அப்பா ஹார்லன்.

இந்த மனிதரிடம் பேசத்தான் இரண்டு முறை போன் செய்திருந்தான். இரண்டு முறையும் பட்டென்று வைத்துவிட்டார். அவனுடைய போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். “அப்பா சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்” என்று டெசாவும் ஒற்றைக்காலில் நின்றாள். திங்கட்கிழமை அவன் நாட்டின் மேற்குக் கோடியிலிருக்கும் ஆரிகனில் புது வேலையில் சேர வேண்டும். இன்று சாயங்காலம் சண்டை போட்டவர்களுக்கு நடக்கும் சர்ச் விருந்தில் எப்படியாவது அறிமுகப்படுத்திவிடுகிறேன் என்று, எங்கிருந்தோ ஒரு சாம்பல் கோட்டைக் கொண்டுவந்து அவனுக்கு மாட்டிவிட்டிருந்தாள். கோட்டின் கை நீளம் போதவில்லை. முழங்கையில் பழுப்புத் துணியில் ஒட்டு வேறு.

இப்போது பார்த்தால் அரை மணி நேரம் முழுசாகக் கிடைத்திருக்கிறது. அவர் எழுந்து போக முடியாது. அவனும்தான்.

“உங்களுக்கும் கறுப்புச் சீட்டா சார்?”

“எல்லாம் நேரம்” என்றார் ஹார்லன்.

பீரங்கிச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. வெடிப்புகை மரத்தடியில் மெல்ல இறங்கி, புகையா மேகமா என்று தெரியாமல் மிதந்தது. புல்லில் எங்கோ தேனீ ஒன்று முனகியது. செத்தால் இப்படித்தான் சுகமாக இருக்குமோ என்று கோல்பிக்குத் தோன்றியது.

“எந்த ஊரு தம்பி?”

“கொலம்பஸ்ங்க.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“பொண்ணு சரின்னுட்டா. அவங்க அப்பாதான்...”

“ஏன், மோசமான ஆளா?”

“நல்லவர்னுதான் சொல்றா. கொஞ்சம் பிடிவாதமாம்.”

பெரியவரின் வயிறு லேசாகக் குலுங்கியது. பிணம் குலுங்கக் கூடாது. அடக்கிக்கொண்டார்.

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. ஒருத்தன் வந்து அவளை நாட்டோட அந்தக் கோடிக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறான். பொண்டாட்டி போய் நாலு வருஷமாச்சு. இன்னும் காலைல காப்பி போட்டா ரெண்டு கப்பு எடுத்து வைக்கிறேன். ரெண்டாவது கப்பை இவதான் குடிக்கிறா. இவளும் போயிட்டா அந்தக் கப்பை நான் என்ன பண்றது, நீயே சொல்லு.”

காரில் வரும்போது கோல்பி மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் பறந்துவிட்டது. இத்தனை நாள் இவரை ஒரு பூட்டிய கதவு என்றே நினைத்திருந்தான். உள்ளே ஒரு மனிதர் இரண்டு கப்போடு உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

“உங்க அப்பா என்ன பண்றாரு?”

“எனக்கு மூணு வயசுலயே போயிட்டார் சார்.”

ஓர் எறும்பு கோல்பியின் காதில் ஏறி இறங்கியது. அவன் அசையவில்லை.

“சார், அந்தப் பையனும் பயந்துக்கிட்டுத்தான் இருப்பான். அவன் வந்து கேட்டா, வருஷா வருஷம் இந்தச் சண்டைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு வருவியான்னு கேளுங்க.”

“வருவானா?”

“எத்தனை தடவை கறுப்புச் சீட்டு வந்தாலும் வருவான்.”

எக்காளம் ஊதியது. புல்வெளி முழுக்கப் பிணங்கள் ஒவ்வொன்றாகப் புகைக்குள்ளிருந்து எழுந்து நின்றன. வேடிக்கை பார்த்த ஜனங்கள் கை தட்டினார்கள்.

கோல்பி தொப்பியைக் கழற்றினான். “சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்...”

அதற்குள் நீலப்படையின் கேப்டன் வார்னர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்னய்யா ஹார்லன், நெஞ்சுவலியோன்னு பயந்துட்டேன். இருபத்திரண்டு வருஷமா முதல்ல போய்ச் சுவரைத் தொடற ஆளு நீ. இந்த வருஷமும் வெள்ளைச் சீட்டுதானே எடுத்தே, என் கண்ணால பார்த்தேனே. அப்புறம் எதுக்குப் பாதி வழியிலயே செத்தே?”

ஹார்லன் தாடியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, கோல்பியின் முழங்கை ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“சாம்பல் படையில ஆள் குறைஞ்சா போட்டுக்கறதுக்கு நான் வீட்டுல வெச்சிருந்த கோட்டு இது, இந்த ஒட்டைத் தெச்சதே நான்தான். அதை மாட்டிக்கிட்டு எவன் செத்துக் கிடக்கான்னு பக்கத்துல படுத்துப் பார்க்க வேண்டாமா? வா மாப்பிள்ளே, டெசா காத்துக்கிட்டிருப்பா.”