வயிறு, சார்

பெண் கேட்டு வந்தவன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான் என்பது மட்டும்தான் அவள் அப்பாவுக்குத் தெரியும். உட்காரவைத்து அறிவியல் கேள்விகளை ஆரம்பித்துவிட்டார்.

"ஒளி வேகமா, ஒலி வேகமா, தம்பி?"

"ஒலிதான் சார். இடிச்சத்தம் ஆளையே தூக்கிப்போடுதே."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொறுமையாக விளக்கிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"உடம்புலயே பெரிய உறுப்பு எது?"

அவன் எச்சில் விழுங்கினான். "வயிறு, சார்."

"தோல், மாப்பிள்ளை, தோல்" என்றவர் உள்ளே பார்த்து, "முன்னாடி வந்தவனுங்க என்னைப் பேசவே விடலை. இவருக்குச் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கு. எனக்குச் சம்மதம்" என்றார்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தவள் கிசுகிசுத்தாள். "எல்லாத்தையும் தப்பாச் சொன்னா அப்பா மசிஞ்சிடுவார்னு சொன்னேன்ல?"

"அதுக்காக, ஒரு தோல் டாக்டர் வாயாலயே வயிறுன்னு சொல்ல வெச்சுட்டியே" என்றான் அவன் பரிதாபமாக.