வாய்ப்பூட்டு அறை

"ஒரு பொண்ணுக்காக ஒரு வகுப்பையே கீழே இறக்க முடியாதுங்க."

தலைமையாசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குவது அவர் கைதான். பெற்ற மகளை எட்டாம் வகுப்பு நடக்கும் மாடிக்கு ஏற்ற மட்டும் வழி தெரியவில்லை. இருபத்திரண்டு படி. வரும்போதே எண்ணிப் பார்த்துவிட்டார்.

"ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தவ மேடம். இடுப்புல ஆபரேஷன். பள்ளிக்கூடம் போகலாம், ஆனா இந்த வருஷம் முடியற வரைக்கும் படி ஏறக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"தூக்கிட்டுப் போய் விடுங்களேன்."

"பதிமூணு வயசாச்சு. எல்லார் முன்னாடியும் தூக்கினா நான் வரவே மாட்டேன், ஒரு வருஷம் போனா போகட்டும்கிறா."

தலைமையாசிரியை மேஜைமேல் இருந்த பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"பக்கத்து அறை காலியாத்தானே மேடம் கிடக்கு?"

"அதுவா?" திடீரென்று அவர் குரல் ஒலிபெருக்கி வைத்ததுபோல் உயர்ந்தது. "அது தண்டனை அறை. யாருக்காகவும் வகுப்பை இடம் மாத்தக் கூடாதுன்னு நிர்வாகத்தோட உத்தரவு. தண்டனைக்கு மட்டும்தான் மாத்தலாம். எந்த வகுப்பு ஒரு வாரம் விடாம சத்தம் போடுதோ, அதைக் கீழே கொண்டு வந்து என் கண்ணெதிர்ல உட்கார வைப்பேன். ஒரு மாசம் வாயைத் திறக்காம இருந்தா மறுபடி மேலே. அவ்வளவுதான்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது மேடம்" என்று எழுந்தார் அவர்.

வாசலில் ஓர் இரட்டைச் சடைக்காரி சாக்பீஸ் டப்பாவோடு நின்றிருந்தாள். அவளுக்கும் விழுந்தது. "வாங்கியாச்சில்ல? இன்னும் என்ன வேடிக்கை? வகுப்புக்குப் போ."

வீட்டுக்கு வந்ததும் நிர்வாகத்துக்கு ஒரு புகார் எழுதினார். 'கல்நெஞ்சக்காரி' என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினார்.

"கொஞ்சம் பொறுங்க. நாளைக்கு அவங்ககிட்டதானே நம்ம பொண்ணு படிக்கணும்?" என்றாள் மனைவி.

கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஒருவேளை நான் கேட்ட விதம் சரியில்லையோ, இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமோ என்று அடுத்தவர் வீட்டு லிஃப்டுக்குள் நின்றபடி யோசித்தார். மகள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புத்தகப் பையை அவள் தொடவேயில்லை.

ஒன்பதாம் நாள் வகுப்பாசிரியர் தொலைபேசியில் வந்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து எட்டாம் வகுப்பு கீழேதான் சார். பொண்ணை அனுப்புங்க."

"மனசு மாறிட்டாங்களா?"

"அட நீங்க வேற. ஒரு வாரமா பசங்க கூச்சல் தாங்கலை. மொத்த வகுப்பையும் வாய்ப்பூட்டு அறைக்குத் தள்ளிட்டாங்க. தண்டனை அறைக்குப் பசங்க வெச்ச பேரு."

நிம்மதியாகத்தான் இருந்தது. கூடவே ஒரு எரிச்சல். கூட்டாளி ஒருத்தி வலியில் கிடக்கும்போது இதுகளுக்குக் கும்மாளம் கேட்கிறது. இந்த அடங்காத கும்பலோடா என் பெண் உட்கார வேண்டும்?

திங்கட்கிழமை வாக்கரை ஊன்றிக்கொண்டு மகள் தானாகவே நடந்து உள்ளே போனாள். ஒரு படிகூட இல்லை.

மாலையில் வாசலில் நின்றவருக்குத் தூரத்திலேயே அவள் சிரிப்பு கேட்டது. கேட்டு இரண்டு மாதம் ஆகிவிட்ட சிரிப்பு. பக்கத்தில் அவள் பையைச் சுமந்தபடி அந்த இரட்டைச் சடைக்காரி.

"உங்க வகுப்பு ரொம்ப ஆடிச்சாமே" என்றார் கொஞ்சம் கடுப்பாகவே.

"முறை போட்டு ஆடியிருக்காங்கப்பா!" என்றாள் மகள். "காலையில இடது பக்க பெஞ்சு இருமுமாம், மத்தியானம் வலது பக்கம் டெஸ்க்கைத் தட்டுமாம். வாயே திறக்காத முதல் பெஞ்சுகூட விசில் அடிச்சிருக்கு. வெறும் காத்துதான் வந்துச்சாம், பாவம்."

"எதுக்காம்?"

"நான் படி ஏறாம இருக்கத்தான்."

அவர் இரட்டைச் சடைக்காரியைப் பார்த்தார். "இது யார் யோசனை?"

"மேடம் உங்ககிட்ட அந்த அறையைப் பத்திச் சொன்னப்ப நானும் அங்கதானே நின்னேன் அங்கிள். சாக்பீஸ் கொடுத்தப்புறமும், இருன்னு நிக்க வெச்சுட்டாங்க."

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கடிதத்தை உள்ளேயே கசக்கினார். உடனே இன்னொரு கவலை வந்தது.

"ஒரு மாசம் ஆனா மறுபடி மேலே போகணுமேம்மா?"

அதற்குள் தலைமையாசிரியையே வெளியே வந்துவிட்டார். முகத்தில் அதே கடுகடுப்பு.

"உங்க பொண்ணு வந்த முதல் நாளே வகுப்புல பேசியிருக்கா. பேர் எழுதி வெச்சிருக்கேன்."

"மன்னிச்சுக்குங்க மேடம்..." எதற்கெல்லாம் என்று அவர் சொல்லவில்லை.

"மாசத்துக்கு ஒருத்தர் இப்படி வாயைத் திறந்தாக்கூடப் போதும், வருஷம் முடியற வரைக்கும் இந்த வகுப்பை நான் மேலே அனுப்பவே முடியாது."

சொல்லிவிட்டு இரட்டைச் சடைக்காரியின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"காதுல விழுந்துச்சா?"